தம்பியின் வைத்தியத்துக்குத் தம்பியின் காணியை ஈடுவைக்கலாமா?

கேள்வி: எனது தம்பிக்கு வயது 31. மூன்று வருடமாக மனவருத்தம். தனியாகப் பேசுவார், யாரோ தன்னைப் பின்தொடர்வதாகச் சொல்வார். முதலில் பேய்பார்த்தோம், பிறகு தனியாரிடம் சனலிங் செய்து (காசு கட்டி விசேட வைத்தியரைப் பார்த்து) மருந்து எடுத்தோம். இரண்டுக்கும் அம்மாவின் நகை அடகுக்குப் போய்விட்டது. குளிசை போட்டால் கை நடுங்குகிறது என்று நான்கு மாதமாகப் போடுவதில்லை. போன மாதம் அம்மாவைத் தள்ளி விழுத்திவிட்டார். கொழும்புப் பக்கம் ஒரு தனியார் பராமரிப்பு நிலையத்தில் மாதம் 90,000 ரூபாவும் மூன்று மாத முற்பணமும் கேட்கிறார்கள். அப்பா உயிரோடு இருந்தபோது தம்பிக்கு நன்கொடை உறுதி எழுதிய வயல் படுவான்கரையில் இருக்கிறது. அதை வைத்து 8 இலட்சம் தர ஒருவர் ஆயத்தம். தம்பியிடம் கையெழுத்து வாங்கினால் போதும், தேசவழமைப்படி தாய்மாமனுக்கு அதைச் செய்விக்க உரிமை உண்டு என்கிறார் மாமா. தம்பி ஆறு வருடம் வேலை செய்த கம்பனி ராஜினாமாக் கடிதம் கேட்கிறது. என்ன செய்வது? (வாசகி, களுவாஞ்சிகுடி)

பதில்: சகோதரி, அந்தக் கையெழுத்தை வாங்க வேண்டாம். முற்பணமும் கட்ட வேண்டாம்.

மாமா சொன்ன தேசவழமை வடமாகாணத் தமிழருக்கு உரிய சட்டம். மட்டக்களப்பில் உங்கள் குடும்பத்துக்கு அது பொருந்தாது, இங்கே பொதுச் சட்டம்தான். எந்தச் சட்டத்தை எடுத்தாலும், வயதுக்கு வந்த ஒருவரின் காணியை அவருக்காகக் கையாளும் உரிமை தாய்மாமனுக்குத் தானாக வந்துவிடாது. தாய்க்கும் சகோதரிக்கும்கூட அப்படித்தான்.

காணி கைமாறுவதற்கும் ஈடுவைப்பதற்கும் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு உறுதி எழுத வேண்டும். இது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்வது. கையெழுத்திடும் நேரத்தில், தான் செய்வது என்ன என்று விளங்கும் நிலையில் அவர் இல்லாவிட்டால் அந்த உறுதி சட்டப்படி வெற்றுத்தாள். கடன் தந்தவர் சும்மா இருக்கமாட்டார். காணி அவர் கையில் இருக்கும், வழக்கு வருடக்கணக்கில் இழுபடும். கையெழுத்திட்ட அன்று தம்பி தெளிவாக இல்லை என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அப்போது எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வி: “அப்படியென்றால் நீங்களே ஏன் கூட்டிக்கொண்டு வந்து கையெழுத்து வைக்கச் சொன்னீர்கள்?”

இன்னொரு பொறியும் உண்டு. நமது பக்கத்தில் தனியார் கடன்காரர் பலர் ஈட்டு உறுதி எழுதுவதில்லை. நிபந்தனை விற்பனை உறுதிதான் எழுதுவார்கள். படித்துப் பார்த்தால் அது விற்பனை. குறித்த தவணைக்குள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் மீள எழுதித் தருவேன் என்று ஒரு நிபந்தனை மட்டும் இருக்கும். தவணை தவறினால் வயலை மீட்கப் பெரும்பாடு. 8 இலட்சம் அந்த நிலையத்துக்கு ஒன்பது மாதத்துக்குக்கூடப் போதாது என்பதையும் கணக்குப் பாருங்கள்.

அற்றோணித் தத்துவம் (தனக்காக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதினால் சரிதானே என்று அடுத்ததாக யாராவது சொல்வார்கள். அதுவும் உதவாது. கொடுப்பவருக்குத் தெளிவு இருந்தால்தான் தத்துவம் செல்லும். நல்லாயிருந்தபோது கொடுத்தது என்றாலும், அவர் அந்தத் தெளிவை இழந்தபின் அது நிற்காது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. மனநோய் என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பதால் மட்டும் ஒருவர் கையெழுத்திடும் தகுதியை இழப்பதில்லை. மருந்து எடுத்துத் தெளிந்திருக்கும் ஒருவர் தன் காணியை விற்கலாம், எழுதலாம், வங்கிக் கணக்கு நடத்தலாம். பின்னால் சண்டை வராமல் இருக்க, காணியின் விபரம் அவருக்கு விளங்குகிறது என்று மனநல வைத்தியரிடம் அதே நாளில் கடிதம் எடுத்து நொத்தாரிசிடம் கொடுப்பது நல்லது. ஒரு மாதத்துக்கு முந்திய கடிதத்தை நம்பி உறுதி எழுத வேண்டாம்.

இப்போது அப்பாவின் நன்கொடை உறுதியை எடுத்துப் பாருங்கள். பிள்ளைக்கு எழுதும்போது பெற்றோர் பெரும்பாலும் தங்கள் சீவிய உரித்தை ஒதுக்கி வைப்பார்கள். உங்கள் உறுதியில் அப்பாவுக்கு மட்டுமா, அம்மாவுக்கும் சேர்த்தா ஒதுக்கியிருக்கிறது என்று அந்தப் பந்தியை வாசியுங்கள். அம்மாவின் பெயர் இருந்தால், அம்மா உயிரோடு இருக்கும்வரை அந்த வயலின் வருமானம் அம்மாவுக்கு உரியது. மாரிப்போகமோ சிறுபோகமோ, விளைச்சல் பணத்தை அம்மா எடுத்துத் தம்பிக்குச் செலவழிக்க எந்த நீதிமன்றத்தின் அனுமதியும் தேவையில்லை. உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். வயலை வேறு ஒருவரிடம் செய்கைக்குக் கொடுப்பதாக இருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் குத்தகைச் செய்கையாளருக்குப் பலமான பாதுகாப்புக் கொடுக்கிறது. பிறகு எழும்பச் சொன்னால் எழும்பமாட்டார். கூலிக்கு ஆள் பிடித்து நீங்களே விதைப்பது பாதுகாப்பு.

(உங்களுடையது உறுதிக் காணி. அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப்பத்திரம் உள்ள அரச காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ் வருவன. பிரதேச செயலாளரின் எழுத்துமூல முன்அனுமதி இல்லாமல் அவற்றைக் கைமாற்றிய கடதாசிக்குப் பெறுமதி இல்லை. படுவான்கரையில் இந்தக் கடதாசிகளை நம்பிப் பணம் கொடுத்தவர்கள் ஏராளம்.)

உண்மையில், வைத்தியத்துக்காகக் காணியைத் தொட வேண்டிய நிலையே இன்னும் வரவில்லை. அரச வைத்தியசாலையில் மனநல கிளினிக்கும், விடுதியில் வைத்துப் பார்ப்பதும், மருந்தும் இலவசம். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. உங்கள் ஊரில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. அங்கே வெளிநோயாளர் பிரிவில் மனநல வைத்திய அதிகாரியின் கிளினிக் எந்த நாள் என்று கேளுங்கள். கல்முனைப் பக்கம் போவது வசதி என்றால் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையிலும் விசாரியுங்கள். அடையாள அட்டை, சனலிங் வைத்தியர் எழுதிய துண்டுகள், மீதமிருக்கும் குளிசைப் பெட்டிகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். எந்த மருந்து எவ்வளவு நாள் கொடுத்தும் சரிவரவில்லை என்பது அந்தத் துண்டுகளில்தான் இருக்கும். தம்பி முதல் நாள் வர மறுத்தாலும் நீங்கள் மட்டும் போய் விபரம் சொல்லலாம். இரவில் பேச ஆள் வேண்டுமானால் 1926 தேசிய மனநல உதவி இலக்கம், 24 மணிநேரமும் இயங்குகிறது.

கை நடுக்கத்தை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மருந்தை விடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், நடுக்கத்துக்கு வேறு குளிசை சேர்க்கலாம். தினமும் குளிசை போட மறுப்பவருக்கு இரண்டு முதல் நான்கு கிழமைக்கு ஒருமுறை போடும் ஊசியும் இருக்கிறது. எது பொருத்தம் என்பது வைத்தியரின் முடிவு. அவருக்குத் தெரியாமல் தேத்தண்ணியில் கலந்து கொடுக்கும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். தம்பிக்குத் தெரியவந்தால், யாரோ தனக்கு ஏதோ செய்கிறார்கள் என்ற அவரது சந்தேகத்துக்கு நீங்களே ஆதாரம் கொடுத்ததாகிவிடும்.

செலவு வரும் இடம் ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் மருந்து முடிந்து வெளியில் வாங்கச் சொல்லும் நாள். மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரும்படி கேளுங்கள். றிஸ்பெரிடோன், ஒலன்சபின் போன்றவை பல கம்பனிகளின் பெயரில் பல விலைகளில் கிடைக்கின்றன. அரச மருந்தகமான ஒசுசலவில் முதலில் விசாரித்துவிட்டு மற்ற பாமசிக்குப் போங்கள். பற்றுச்சீட்டு வாங்குங்கள். மற்ற மருந்துகள் சரிவராதபோது கொடுக்கும் குளோசபின் என்ற மருந்தைத் தொடங்கினால் முதல் 18 வாரம் வாராவாரம் இரத்தம் சோதிக்க வேண்டும். தனியாரிடம் இந்தச் சோதனைக் காசே மருந்தை மிஞ்சும், ஆகவே அந்த மருந்தை அரச கிளினிக்கில் எடுப்பதே புத்தி. சனலிங்கில் பார்க்கும் அதே விசேட வைத்திய நிபுணர் பகலில் அரச கிளினிக்கில் இருப்பது நமது மாவட்டத்தில் புதுமையல்ல.

கட்டாயப்படுத்திச் சேர்ப்பது பற்றி நீங்கள் நேராகக் கேட்கவில்லை. ஆனால் பராமரிப்பு நிலையத்தைப் பற்றிய கேள்விக்குள் அது ஒளிந்திருக்கிறது. நம்மிடம் இருப்பது 1873ஆம் ஆண்டின் மனநோய்கள் கட்டளைச் சட்டம். 1956இல் திருத்தி, தானாக விரும்பிச் சேருபவர், விருப்பம் சொல்லும் நிலையில் இல்லாத தற்காலிக நோயாளி என்ற வகைகளைச் சேர்த்தார்கள். புதிய சட்டம் பல வருடமாக வரைவாகவே கிடக்கிறது. விருப்பமில்லாத ஒருவரை வைத்திய அறிக்கையின் பேரிலும் நீதிமன்றக் கட்டளையின் பேரிலும் மனநோய் வைத்தியசாலையில் சேர்க்க அந்தச் சட்டம் வழி விடுகிறது. காசு கட்டிய தனியார் இடத்தில் அறைக்குள் பூட்டி வைக்க அது யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை. வீட்டில் சங்கிலி போடுவதும் அப்படியே. தண்டனைச் சட்டக்கோவையின் 330, 331ஆம் பிரிவுகள் பிழையான தடுப்பு, பிழையான அடைத்து வைத்தல் என்று இவற்றையே குற்றமாக்குகின்றன. குடும்பத்தின் நல்லெண்ணத்தைச் சொல்லி அதிலிருந்து தப்பலாம் என்று நம்பிவிட வேண்டாம்.

அந்த நிலையத்தை இன்னும் விசாரிக்க விரும்பினால், 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் இந்த வருடத்துக்குப் பதிவு இருக்கிறதா, பொறுப்பான மனநல வைத்திய நிபுணர் யார், குடும்பத்தார் எப்போது வந்து பார்க்கலாம், இடையில் கூட்டிவந்தால் முற்பணம் திரும்புமா என்று எழுத்தில் கேளுங்கள். “முதல் மாதம் யாரும் பார்க்க வரக்கூடாது” என்று சொல்லும் இடத்துக்கு நான் யாரையும் அனுப்பமாட்டேன்.

திரும்பவும் கைநீட்டினால் 119க்கு எடுங்கள். பொலிஸில் சொல்லும் வார்த்தையில் கவனம் வேண்டும். “அம்மாவுக்கு அடித்தார், நடவடிக்கை எடுங்கள்” என்று முறைப்பாடு எழுதினால் அது குற்ற வழக்காக நீதவான் முன்னால் போகும். “மனவருத்தக்காரர், மருந்தை விட்டிருக்கிறார், வைத்தியசாலைக்குக் கொண்டுபோக உதவி வேண்டும்” என்று சொல்லிக் கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். தன் உயிருக்கு ஏதும் செய்ய முயன்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், அதுவும் இலவசம். தற்கொலை முயற்சி 1998இலிருந்து இலங்கையில் குற்றமல்ல. பொலிஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரியில் பொய்க் காரணம் சொல்லிச் சிகிச்சை பிழையாகிப்போக விடாதீர்கள்.

வேலை விடயம். ராஜினாமாக் கடிதம் கொடுக்கக் கூடாது. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதற்கு அவரது எழுத்துமூலச் சம்மதம் அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இது. ராஜினாமா அந்தச் சம்மதத்தைத் தங்கத்தட்டில் வைத்துக் கொடுப்பது. வைத்தியச் சான்றிதழை இணைத்து, லீவு கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள், துண்டைப் பத்திரப்படுத்துங்கள். சொல்லாமல் நின்றால் வேலையைத் தானாகக் கைவிட்டார் என்று எழுதிவிடுவார்கள். நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் தொழில் அலுவலகத்தில் முறையிட வேண்டும். எப்படி விலகினாலும், ஐந்து வருடம் நிறைந்ததால் 1983ஆம் ஆண்டின் சட்டப்படி பணிக்கொடை உண்டு, ஒரு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். கடைசிச் சம்பளம் 42,000 என்றால் ஆறு வருடத்துக்கு 1,26,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதியை நிரந்தர இயலாமை என்று சொல்லி எடுக்கும் யோசனையைத் தள்ளிப்போடுங்கள். 31 வயது, மருந்து பிடித்தால் திரும்ப வேலைக்குப் போகக்கூடியவர்.

பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்து, மாற்றுத்திறனாளி கொடுப்பனவுக்கும், அரச நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவுக்கும் தகுதி உண்டா என்று பாருங்கள். வைத்தியர் நிரப்ப வேண்டிய படிவத்தைக் கிளினிக் நாளுக்கு முதலே எடுத்துவைத்தால் ஒரு பஸ் செலவு மிச்சம்.

மருந்து தொடர்ந்தும் நீண்ட காலம் தெளிவு வராமல், காணி சம்பந்தமாக யாராவது செய்தே ஆகவேண்டிய நிலை வந்தால் அப்போது நீதிமன்றம் போகலாம். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 556ஆம் பிரிவிலிருந்து அதற்கான முறை இருக்கிறது. அவர் வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில் உறவினர் ஒருவர் மனுவும் சத்தியக்கடதாசியும் வைத்தியச் சான்றும் கொடுக்க வேண்டும். நீதிமன்றம் தம்பிக்கு அறிவித்தல் அனுப்பி, விசாரித்து, தேவையென்று கண்டால் சொத்துக்கு ஒரு முகாமையாளரை நியமிக்கும். அவர்கூட நீதிமன்றத்தைக் கேட்காமல் வயலை விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது, கணக்கும் காட்ட வேண்டும். தம்பி சுகமானால் அந்தக் கட்டளையை நீக்கக் கேட்கலாம். நான்கு மாதம் மருந்து விட்டதற்காக இன்றைக்கே இந்தக் கதவைத் தட்ட வேண்டியதில்லை. தேவை வந்து, வழக்கறிஞர் கட்டணம் தாங்காது என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்துக்கு நன்கொடை உறுதி, கிளினிக் கொப்பி, வருமானம் பற்றிய கிராம உத்தியோகத்தரின் கடிதம் மூன்றையும் கொண்டுபோங்கள்.