ஊர்க் கடை மூடினால் யாருக்கு இழப்பு?

கேள்வி: எங்கள் ஊரில் எஞ்சியிருந்த ஒரே மளிகைக் கடையும் மூடப்பட்டுவிட்டது. டவுனில் விலை குறைவு, போனில் ஆர்டர் செய்தால் வீட்டுக்கே வந்துவிடும், ஆகவே இதில் இழப்பு எதுவும் இல்லை என்கிறான் என் மகன். அது சரிதானா?
(வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்)

பதில்: உங்கள் மகனைப் பொறுத்தவரை சரிதான். வண்டியும் மாதச் சம்பளமும் உள்ளவர்கள் மாதச் சாமானை மொத்தமாக டவுனில் வாங்கிவிட்டு, அவசரத்துக்கு உப்பும் தீப்பெட்டியும் வாங்க மட்டுமே ஊர்க் கடைக்கு வருகிறார்கள். அந்த விற்பனையை மட்டும் நம்பி எந்தக் கடையும் நிலைக்க முடியாது. விற்பனை சுருங்கினால் மொத்த வியாபாரியின் வண்டி ஊருக்குள் வருவது நின்றுவிடும்; கடைக்காரரே டவுனுக்குப் போய்ச் சரக்கு எடுக்க வேண்டியிருப்பதால் விலை ஏறும்; விலை ஏறியதும் மிச்சமிருந்த வாடிக்கையாளர்களும் விலகுவார்கள்.

இழப்பு முழுவதும் அன்றாடக் கூலிக்குப் போகிறவர்களின் தலையிலும் தனியாக வாழும் முதியவர்களின் தலையிலும் விழுகிறது. மாலையில் கூலி கைக்கு வந்த பிறகே உலை வைக்க முடிகிற வீட்டுக்கு, நூறு கிராம் பருப்பும் இருபது ரூபாய்க்கு எண்ணெயும் அந்த நேரத்தில் அந்தத் தெருவிலேயே கிடைக்க வேண்டும். டவுன் கடையில் ஒரு கிலோ பாக்கெட் மலிவாக இருக்கலாம்; ஆனால் ஒரு கிலோவுக்கான பணம் அவர்களிடம் ஒரே நேரத்தில் இருப்பதில்லை. வேலை இல்லாத மழை நாட்களில் கடைக்காரரின் கணக்கு நோட்டில் எழுதிவைத்து வாங்கி, அறுப்பு முடிந்ததும் கொடுத்துத் தீர்க்கும் வழியும் கடையோடு சேர்ந்தே அடைபடுகிறது. அதன்பின் வீட்டுச் செலவுக்குக்கூட வட்டிக்குக் கடன் வாங்க நேர்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கிடைத்திருக்கும் கட்டணமில்லாப் பயணம் பெரிய நன்மை என்பதை நான் மறுக்கவில்லை. எனினும் காலையிலும் மாலையிலும் மட்டும் பேருந்து வரும் ஊரில், கால் கிலோ பருப்புக்காகப் போகிறவருக்கு அன்றைய கூலியே போய்விடும்.

பழைய ஊர்க் கடையைக் குறையற்றதாக எழுதவும் எனக்கு மனம் வரவில்லை. டீக்கடையில் தலித் மக்களுக்குத் தனிக் குவளை வைத்த ஊர்கள் தமிழ்நாட்டில் பல. அந்த அவமதிப்பை அனுபவித்தவர்களுக்கு, யார், எந்தத் தெரு என்று கேட்காமல் பொருள் தரும் டவுன் கடை ஒரு விடுதலையாகவே இருந்திருக்கும். நடந்து போகும் தூரத்தில், எல்லோரையும் ஒன்றுபோல நடத்தும் ஒரு கடை வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

கேள்வி: என் தாயாருக்கு முதியோர் உதவித்தொகை வங்கிக் கணக்கில் வருகிறது. வங்கி வெகு தொலைவில் இருக்கிறது. அவரால் நடக்கவும் முடியாது. என்ன செய்யலாம்?
(வாசகர், சிவகங்கை மாவட்டம்)

பதில்: முன்பு இந்தப் பணம் மணியார்டராகத் தபால்காரர் கையில் வீடு தேடி வந்தது. 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியின் வழியாக அந்த வசதியை ஓரளவு திரும்பப் பெறலாம்: ஆதாருடன் இணைக்கப்பட்ட கணக்கு எந்த வங்கியில் இருந்தாலும், கிராம அஞ்சல் ஊழியர் கொண்டுவரும் கருவியில் விரல் ரேகை வைத்து வீட்டிலேயே பணம் பெற்றுக்கொள்ள முடியும். வயல் வேலையில் ரேகை தேய்ந்திருந்தால் ஒரு விரலுக்குப் பதில் வேறு விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கடை நடத்த யாரும் முன்வராத ஊரில் ஊரே சேர்ந்து கடை நடத்த முடியுமா?
(வாசகர், தருமபுரி மாவட்டம்)

பதில்: முடியும். பிரிட்டனில் பல கிராமங்களில் அஞ்சலகம் மளிகைக் கடைக்குள்ளேயே இயங்குவது வழக்கம். 2007இல் அந்நாட்டு அரசு ஏறத்தாழ 2,500 அஞ்சலகங்களை மூட முடிவெடுத்தபோது, அஞ்சலக வருமானத்தில் தாக்குப்பிடித்த கடைகளின் நிலையும் ஆட்டம் கண்டது. அந்நாட்டில், கடையை இழந்த அல்லது இழக்கவிருந்த பல கிராமங்களில் மக்களே பங்குத்தொகை போட்டுப் பொதுக் கடை திறந்திருக்கிறார்கள். பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே வாக்கு என்பது இத்தகைய கடைகளின் விதி. ஊதியம் பெறும் ஒரு மேலாளருடன் ஊர்க்காரர்கள் முறை வைத்து விற்பனையைக் கவனிப்பதும் உண்டு.

நமக்கும் இது புதிதன்று. சென்னையில் திருவல்லிக்கேணி கூட்டுறவுப் பண்டகசாலை 1904இலேயே தொடங்கப்பட்டுவிட்டது. இத்தகைய கடைகளுக்கெல்லாம் முன்னோடியாக 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 தொழிலாளர்கள் ஒரு கடையைத் திறந்தபோது, ரொக்கத்துக்கு மட்டுமே விற்பது என்று உறுதியாக நின்றார்கள். கடன் நிலுவையே சிறு கடைகளைக் கவிழ்க்கிறது என்பதால் அந்த விதியின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் கடன் இல்லாத கடையால் நம் ஊரின் கூலித் தொழிலாளிக்குப் பயன் குறைவு. ஆகவே கடனையும் கடையையும் பிரித்துவிடுவதே நல்லது: கடை ரொக்கத்துக்கு விற்கட்டும், வேலையில்லாத மாதங்களுக்கான சிறு கடனை மகளிர் சுய உதவிக் குழு கொடுக்கட்டும். தமிழ்நாட்டில் அரசின் மகளிர் குழுத் திட்டம் 1989இல் தொடங்கியதே உங்கள் தருமபுரியில்தான் என்பதால், கணக்கு எழுதவும் வரவு செலவு பார்க்கவும் பழகிய பெண்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள்.

மாதச் சாமானில் ஒரு பகுதியையாவது அந்தக் கடையில் வாங்குவதாக, வண்டி உள்ள குடும்பங்களிடம் முன்கூட்டியே உறுதி பெற்றுக்கொள்ளுங்கள். அது கிடைக்காமல் கடையைத் திறக்க வேண்டாம். ஊராட்சியில் பயன்படாத கட்டடம் இருந்தால், அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் அதைக் கேட்டுத் தீர்மானம் கொண்டுவாருங்கள்.