வாசகர் கேள்வி – பதில்: வீடு மாறும்போது சாமான் கட்டுவது எப்படி?

வீடு மாற இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இப்போதே கட்டிவிட்டால் அன்றாடம் புழங்குவதும் உள்ளே போய்விடாதா?

பரணில் இருந்து ஆரம்பியுங்கள். அங்கே இருப்பதில் ஒன்றுகூட அடுத்த ஒரு மாதத்துக்குத் தேவைப்படாது. ஆனால் முதல் வாரத்தில் எதையும் கட்டாதீர்கள், கழியுங்கள். வேண்டாததைக் கட்டினால் பெட்டி, டேப், ஏற்று கூலி, இறக்கு கூலி எல்லாம் அதற்கும் சேர்த்துத்தான் ஆகும். போதாக்குறைக்கு அது புது வீட்டுப் பரணிலும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டாம் வாரத்தில் புத்தகங்கள், அலங்காரப் பொருட்கள், இந்தப் பருவத்துக்கு உடுத்தாத துணிகள், சுவரில் மாட்டிய படங்கள். மூன்றாம் வாரத்தில் விருந்தாளி வந்தால் மட்டும் எடுக்கும் பாத்திரங்களும் கூடுதல் படுக்கைகளும். கடைசி வாரத்துக்குச் சமையலறையும் தினசரித் துணியும் மட்டுமே மிஞ்ச வேண்டும். சமையலறைக்கென்று ஒரு முழுப் பகலை ஒதுக்கிவிடுங்கள். அதைக் கடைசி இரவுக்குத் தள்ளி, தூக்கக் கலக்கத்தில் பத்துப் பாத்திரத்தை ஒரே பெட்டியில் திணிப்பதில்தான் பாதி உடைசல் நடக்கிறது. ஃப்ரீசரில் இருப்பதை இன்றிலிருந்தே தீர்த்துக்கொண்டு வாருங்கள். புதிதாக நிரப்ப வேண்டாம்.

கடைகளில் போடும் பழைய அட்டைப்பெட்டிகள் போதுமா, புதிதாக வாங்க வேண்டுமா?

துணி, தலையணை, பிளாஸ்டிக் சாமான்களுக்குப் பழையது போதும். கண்ணாடி, பீங்கான், புத்தகம், மின்சாதனம் இவற்றுக்கு வேண்டாம். அட்டையின் பலம் அதன் நடுவில் இருக்கும் நெளிவுத் தாளில் இருக்கிறது. பெட்டியின் பக்கச் சுவரில் அந்த நெளிவுகள் செங்குத்தாக நின்று மேலே வரும் எடையைத் தாங்குகின்றன. ஒருமுறை நசுங்கியோ நனைந்தோ போனால், காய்ந்த பிறகும் பழைய பலம் வராது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அடுக்கில் மூன்றாவது பெட்டி மேலே ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும். உணவுப்பொருள் வந்த பெட்டிகளில் கரப்பான் முட்டை ஒட்டியிருக்கலாம். உள் மடிப்புகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு எடுங்கள்.

புதிதாக வாங்கினால் லேசான சாமானுக்கு 3 பிளை (மூன்று அடுக்குத் தாள்), கனமானதற்கும் உடைவதற்கும் 5 பிளை. கனமான பொருள் சின்னப் பெட்டியிலும் லேசான பொருள் பெரிய பெட்டியிலும் போக வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, பெட்டியின் அடி பிய்ந்துவிட்டது என்கிறார்கள். ஓர் ஆள் குனிந்து தூக்குவதற்கு 15 முதல் 18 கிலோ வரை சரி. 40×30×30 செ.மீ. பெட்டியில் புத்தகம் நிரப்பினாலே அந்த எல்லையைத் தாண்டிவிடும். முக்கால் பங்கு புத்தகத்தோடு நிறுத்தி, மேலே துண்டு, போர்வை என்று நிரப்புங்கள். புத்தகங்களைப் படுக்கையாக அடுக்கலாம், முதுகு கீழே இருக்கும்படி நிறுத்தலாம். முதுகை மேலே வைத்து நிறுத்தினால் தாள்களின் கனம் பைண்டிங்கை உள்ளிருந்து இழுத்துக் கழற்றிவிடும்.

டேப் ஒட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. 48 மி.மீ. அகல டேப்பை அடிப்பக்கத்தின் நடு இணைப்பில் இரண்டு வரிசை, இரு ஓரங்களிலும் ஒவ்வொரு வரிசை ஒட்டுங்கள். நடு இணைப்பில் ஒட்டும்போது டேப்பின் நுனி இரு பக்கச் சுவரிலும் நாலு விரல் அளவு ஏறி நிற்க வேண்டும். மூடிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகிவிட்டு டேப் இல்லாமல் விடும் பழக்கம் காய்கறிக்குச் சரி, வீட்டுச் சாமானுக்கு ஆகாது.

எவ்வளவு சுற்றி வைத்தாலும் பீங்கான் தட்டும் கண்ணாடி டம்ளரும் உடைந்துவிடுகின்றன. எங்கே தவறு?

பெரும்பாலும் சுற்றுவதில் தவறு இருக்காது, இடைவெளியில் இருக்கும். வண்டி குலுங்கும்போது பெட்டிக்குள் இருக்கும் பொருள் ஒரு விரல்கடை அசைந்தால் போதும், பக்கத்தில் இருப்பதோடு மோதிக்கொண்டே வரும். வண்டி எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு நேரமும் அந்த மோதல் நிற்காது.

அடியில் கசக்கிய தாளை 5 முதல் 8 செ.மீ. உயரத்துக்குப் பரப்புங்கள். தாளை மடித்து வைத்தால் பயனில்லை, கசக்க வேண்டும். அப்போதுதான் அமுங்கி மீளும். தட்டுகளைத் தனித்தனியாகச் சுற்றி, பாத்திர ஸ்டாண்டில் வைப்பது போல் செங்குத்தாக நிறுத்துங்கள். படுக்க வைத்து அடுக்கினால் மேல் தட்டுகளின் மொத்தக் கனமும் குலுக்கலும் அடித்தட்டின் நடுவில் விழும். நிறுத்தி வைத்தால் ஒவ்வொரு தட்டும் தன் எடையை மட்டும் விளிம்பில் தாங்கிக்கொள்ளும். கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்று வைக்கலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு தாள் வேண்டும். டம்ளரின் உள்ளே தாளைத் திணித்துவிட்டு, வெளியே சுற்றி, வாய் கீழாக நிறுத்துங்கள். பக்கவாட்டில் படுக்க வைக்காதீர்கள். காம்புள்ள கண்ணாடிக் கோப்பையின் காம்பை முதலில் தனியாகத் தடிமனாகச் சுற்றி, பிறகு முழுதாகச் சுற்றுங்கள். கனமானது கீழ்வரிசை, லேசானது மேல்வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் ஓர் அட்டை. கடைசியில் மேலேயும் கசக்கிய தாள்.

மூடுவதற்கு முன் பெட்டியை இரு கையாலும் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். சத்தம் கேட்டாலோ உள்ளே எதுவோ நகர்வது கைக்குத் தெரிந்தாலோ திறந்து இன்னும் தாள் வையுங்கள். அதற்காக மூடி புடைக்கும் அளவுக்குத் திணிக்கவும் கூடாது. புடைத்த மூடியின் மேல் வேறு பெட்டி நிற்காது, சரியும்.

பழைய செய்தித்தாளின் மை வெள்ளைப் பீங்கானில் ஒட்டும். துடைத்தால் போய்விடும், ஆனால் மெருகில்லாத பொருளிலும் துணியிலும் தங்கிவிடும். அச்சடிக்காத வெற்றுத்தாளில் ஒரு சுற்று, அதன் மேல் செய்தித்தாள் என்று சுற்றினால் செலவும் குறையும். பபிள் ஷீட் சுற்றினால் குமிழ்ப் பக்கம் பொருளைப் பார்த்து இருக்கட்டும்.

பெட்டியில் மெத்தை போலத் துணிகளையே வைத்துவிட்டால் என்ன?

தாராளமாக வைக்கலாம், துண்டும் பழைய போர்வையும் நல்ல தடுப்பு. பட்டும் நல்ல உடைகளும் வேண்டாம். உள்ளே கண்ணாடி உடைந்தால் தூள் நூலிழைகளுக்குள் போய்விடும், துவைத்தாலும் முழுசாக வராது.

இடமில்லாததால் ஃப்ரிட்ஜைப் படுக்க வைத்துக் கொண்டுபோகலாம் என்கிறார் வண்டிக்காரர். செய்யலாமா?

முடிந்தவரை விடாதீர்கள். கம்ப்ரஸருக்குள் எண்ணெய் இருக்கிறது. படுக்க வைத்தால் அது வாயு ஓடும் குழாய்களுக்குள் போய்விடும். அப்படியே சுவிட்சைப் போட்டால் எண்ணெய் இல்லாமல் கம்ப்ரஸர் ஓடும். மெல்லிய குழாயில் எண்ணெய் அடைத்துக் குளிர்ச்சியும் நிற்கும். வேறு வழியே இல்லை என்றால் பக்கவாட்டில் மட்டும் சாய்க்கச் சொல்லுங்கள். கதவின் மேலும் வேண்டாம், பின்பக்கக் குழாய்களின் மேலும் வேண்டாம்.

புது வீட்டில் இறக்கியதும் உடனே பிளக்கைச் செருகக் கூடாது. நிறுத்தியபடியே வந்திருந்தால் நாலு மணி நேரம் விடுங்கள். படுக்க வைத்திருந்தால் எத்தனை மணி நேரம் படுத்திருந்ததோ அத்தனை மணி நேரமாவது, அதுவும் நாலு மணி நேரத்துக்குக் குறையாமல், நிமிர்த்தி வையுங்கள். ஒரு முழு நாள் விட்டால் இன்னும் நல்லது.

கிளம்புவதற்கு முதல் நாளே அணைத்து, கதவைத் திறந்து வைத்துப் பனி உருக விடுங்கள். பின்னால் அடியில் ஒரு சின்னத் தட்டு இருக்கும், உருகிய நீர் அங்கேதான் சேரும். அதைக் காலி செய்ய மறந்தால் மாடிப்படியில் சாய்க்கும்போது தூக்குபவர் மேல் கொட்டும். கண்ணாடித் தட்டுகளைக் கழற்றித் தனியே கட்டுங்கள். கதவைக் கயிற்றாலோ ஸ்ட்ரெச் ஃபிலிம் என்ற, இழுத்துச் சுற்றும் பிளாஸ்டிக் தாளாலோ கட்டுங்கள். பிரவுன் டேப்பை நேரே ஒட்டினால் பசை பெயின்ட்டோடு வரும்.

முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின். வாங்கும்போது கழற்றிய போல்ட்டுகளைக் காணோம். அப்படியே ஏற்றிவிடலாமா?

அந்த மூன்று நான்கு போல்ட்டுகள்தான் டிரம்மைக் கூட்டோடு இறுக்கிப் பிடிப்பவை. அவை இல்லாவிட்டால், எடைக்கல்லோடு கூடிய டிரம் ஸ்பிரிங்கிலும் ஷாக் அப்சார்பரிலும் தொங்கியபடி ஒவ்வொரு பள்ளத்துக்கும் பக்கச்சுவரில் இடிக்கும். மாடல் எண்ணைச் சொல்லித் தயாரிப்பாளரின் சர்வீஸ் மையத்தில் கேளுங்கள், உதிரியாகக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் சர்வீஸ் ஆளை விட்டு மேல்மூடியைத் திறந்து, டிரம்முக்கும் கூட்டுக்கும் நடுவே ஃபோம் துண்டுகளை இறுக்கமாகச் செருகச் சொல்லுங்கள். நிமிர்த்தியே கொண்டுபோங்கள்.

ஏற்றும் முன் குழாயை மூடி, ஹோஸைக் கழற்றி, கீழே இருக்கும் ஃபில்டரைத் திருகித் தேங்கிய நீரை வடியுங்கள். ஒரு தட்டையான பாத்திரத்தை வைத்துக்கொண்டு திறங்கள்; தண்ணீர் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக வரும். புது வீட்டில் ஓட்டும் முன் போல்ட்டையும் ஃபோமையும் எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் ஸ்பின் போட்டால் மெஷின் அறையைச் சுற்றி நடக்கும், உள்ளே பாகங்களும் உடையும்.

கட்டில், அலமாரி, ஃபேன் இவற்றைக் கழற்றினால் திரும்பப் பூட்ட முடியுமா?

மரக்கட்டிலையும் இரும்புக் கட்டிலையும் எத்தனை முறையும் கழற்றலாம். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டு அலமாரிதான் பிரச்சினை. ஸ்குரூ இறங்கிய துளை ஒவ்வொரு முறையும் தளரும். இரண்டு மூன்று முறைக்குப் பிறகு பிடிக்காது. அதற்காக முழுதாக இழுத்து நகர்த்தினாலும் கால்களும் இணைப்பும் பிய்யும். வாசலில் நுழையும் அளவென்றால் காலி செய்து, கதவைக் கட்டி, நாலு பேர் தூக்கலாம். நுழையாது என்றால் கழற்றியே ஆக வேண்டும். மின்சார டிரில்லால் அல்ல, கையால் கழற்றுங்கள், பூட்டும்போதும் கையாலேயே.

கழற்றும் முன் இணைப்புகளை ஃபோனில் படம் எடுங்கள். ஒவ்வொரு பலகையிலும் மறைவான பக்கத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் போடுங்கள். ஒவ்வொரு சாமானின் நட்டு, போல்ட், ஸ்குரூ தனித்தனி ஜிப் கவரில். கவரின் மேல் சாமானின் பெயர். எல்லாக் கவர்களையும் ஸ்பேனர், ஸ்குரூ டிரைவரோடு ஒரே டப்பாவில் போட்டு நீங்களே கையில் எடுத்துப் போங்கள். பலகையிலேயே ஒட்டி அனுப்பினால் வழியில் உரசி விழுந்துவிடும்.

சீலிங் ஃபேனில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு ஃபேனின் இறக்கைகள் எடை பொருத்திக் கொடுக்கப்படுபவை. மூன்று ஃபேன்களின் இறக்கைகளை ஒன்றாகக் கட்டிவிட்டு, கைக்கு வந்ததை மாட்டினால் ஃபேன் ஆடும். ஹாலுக்கு ‘அ’, அறைக்கு ‘ஆ’ என்று இறக்கை, மோட்டார் இரண்டிலும் எழுதிவிடுங்கள். ராடின் போல்ட் கழன்றுவிடாமல் அதில் மாட்டும் ஸ்பிளிட் பின் தொலைந்தால் புதிது வாங்கி மாட்டாமல் ஃபேனைத் தொங்கவிடாதீர்கள்.

டிவி வந்த பெட்டி இல்லை.

திரையில் மெல்லிய மிருதுவான துணி, அதன் மேல் ஃபோம் ஷீட், அதன் மேல் திரையை முழுதாக மறைக்கும் தட்டை அட்டை, பிறகு போர்வை. டேப் அட்டையிலும் போர்வையிலும் மட்டுமே படலாம். நிமிர்த்தியே ஏற்றுங்கள், படுக்க வைத்தால் பெரிய திரை நடுவில் வளைந்து கீறல் விழும். தூக்கும்போது விரல்கள் திரையில் அழுத்தாமல் சட்டத்தைப் பிடிக்க வேண்டும். நிலைக்கண்ணாடிக்கும் இதே முறைதான். அதில் பெருக்கல் குறி போல டேப் ஒட்டுவது உடைவதைத் தடுக்காது. உடைந்தால் சில்லுகள் சிதறாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

வண்டியில் எதையெல்லாம் ஏற்றக் கூடாது?

கேஸ் சிலிண்டர், பெயின்ட், தின்னர், மண்ணெண்ணெய், ஸ்பிரே டப்பாக்கள். மூடிய வண்டிக்குள் வெயில் ஏறும்போது இவை ஆபத்து. ப்ளீச்சும் கழிவறை ஆசிட்டும் ஒரே பெட்டியில் கொட்டிக் கலந்தால் நச்சு வாயு வரும். மிச்சத்தைத் தீர்த்துவிட்டு வெறுங்கையோடு போங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியை நிமிர்த்தியே வைத்து, முனைகளுக்கு மூடி போட்டு, தனியாகக் கொண்டுபோக ஏற்பாடு செய்யுங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ். நகை, பத்திரம், சான்றிதழ், மருந்து, பவர் பேங்க், ஹார்ட் டிஸ்க் எல்லாம் உங்கள் கைப்பையில்.

ஸ்பிளிட் ஏசியை ஃபேன் கழற்றுபவரிடம் கொடுக்காதீர்கள். வாயுவை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்து மூடிய பிறகே குழாயைக் கழற்ற வேண்டும். குழாய் முனைகளையும் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரமும் தூசும் உள்ளே போகும். இது தெரிந்த ஆள் வேண்டும்.

பெட்டிகளில் பெயர் எழுதியும் போன முறை எதுவும் கிடைக்கவில்லை.

மேல்மூடியில் எழுதியிருப்பீர்கள். அடுக்கினால் மூடி மறைந்துவிடும். இரண்டு பக்கச் சுவர்களில், தடித்த மார்க்கரில், எண்ணும் அது போக வேண்டிய அறையும்: ‘17, சமையலறை’. உள்ளே என்ன இருக்கிறது என்பதை நோட்டில் 17-க்கு நேரே எழுதுங்கள். ‘இதர சாமான்’ என்று ஒரு பெட்டிகூட இருக்க வேண்டாம். முதல் இரவுக்கு வேண்டிய சோப்பு, துண்டு, பல்ப், சார்ஜர், கத்தரி, ஒரு செட் துணி எல்லாம் ஒரு பெட்டியில், கடைசியாக ஏற்றி முதலில் இறக்குங்கள்.

பேக்கர்ஸ் ஆட்கள் மூலம் போகிறோம். நாங்களே கட்டிய பெட்டியில் உடைந்தால் இழப்பீடு தருவார்களா?

பல நிறுவனங்கள் தருவதில்லை; உரிமையாளர் கட்டிய பெட்டிக்குப் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்திலேயே போட்டிருப்பார்கள். அதனால் உடையக்கூடியதையும் விலை கூடியதையும் அவர்களையே கட்டச் சொல்லுங்கள், துணியையும் புத்தகத்தையும் நீங்கள் கட்டுங்கள். ஏற்றும் முன் டிவி, ஃப்ரிட்ஜ், பீரோவை நாலு பக்கமும், ஏற்கெனவே இருக்கும் கீறலோடு சேர்த்துப் படம் எடுங்கள். அவர்கள் பட்டியலில் ‘கீறல் உள்ளது’ என்று பொதுவாக எழுதினால் எந்த இடத்தில் என்று எழுதச் சொல்லுங்கள். இறக்கியதும் பெட்டி எண்ணிக்கையைச் சரிபாருங்கள். நசுங்கிய பெட்டியை அவர்கள் முன்னாலேயே திறங்கள். எல்லாவற்றையும் திறக்க நேரம் இருக்காது. கையெழுத்துப் போடும் தாளில் ‘உள்ளடக்கம் சரிபார்க்கப்படவில்லை’ என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.