காய்ச்சல் எத்தனையாவது நாள்?

கேள்வி: கோவையில் எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் கோபி பக்கம். தொற்றுநோய், நோய் எதிர்ப்பியல் இரண்டிலும் ஆராய்ச்சி செய்ய ஆசை. ஆனால் எங்கள் கல்லூரியில் ஃப்ளோ சைட்டோமீட்டர் போன்ற கருவிகள் இல்லை. பணம் கட்டினால் வெளிநாட்டு ஆய்வகத்தில் ஒரு மாதப் பயிற்சி வாங்கித் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. போகலாமா?

பதில்: வேண்டாமுங்க. ஒரு மாதத்தில் பிப்பெட் பிடிக்கப் பழகுவீர்கள், நான்கு போட்டோ எடுப்பீர்கள். பிப்பெட் பிடிப்பதை உங்கள் மைக்ரோபயாலஜி லேப் டெக்னீஷியனே ஒரு வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவார். ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் எலைசா பரிசோதனையில் தட்டைக் கழுவும்போது எங்கே அவசரப்பட்டால் ரிசல்ட் கெடும் என்பதையும் சேர்த்து.

அந்த எலைசா உங்களுக்குப் போதும். மழை முடிந்து பனி விழத் தொடங்கும் மாதங்களில் ஸ்க்ரப் டைஃபஸ் சந்தேகத்தோடு ரத்த மாதிரிகள் வருவதைப் பார்ப்பீர்கள். பத்திரிகைகள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது இதைத்தான். மாட்டில் ஒட்டும் உண்ணி வேறு. இதைப் பரப்புவது கண்ணுக்கு எளிதில் படாத ஒரு சிற்றுயிரின் இளம்பருவம். அது கடித்தால் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா உடலுக்குள் போகிறது. லேபில் நாம் தேடுவது அந்தக் கிருமியை அல்ல, அதை எதிர்த்து உடல் முதலில் உண்டாக்கும் ஐஜிஎம் வகை எதிர்ப்பொருளை. அது கண்டறியும் அளவுக்கு ஏற ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். மூன்றாம் நாள் எடுத்த ரத்தத்தில் ‘நெகட்டிவ்’ வந்தால், நோய் இல்லை என்றும் கொள்ளலாம், எதிர்ப்பொருள் இன்னும் வரவில்லை என்றும் கொள்ளலாம். இந்த ஊரில் முன்பு எப்போதோ தொற்று வந்து போனவர்களுக்கு ஐஜிஎம் கொஞ்சம் மிச்சமிருக்கலாம். அதனால்தான் கிட் டப்பாவில் போட்டிருக்கும் கட்-ஆஃப், அதாவது பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பிரிக்கும் அளவு, எல்லா ஊருக்கும் பொருந்துவதில்லை.

ஆக, நம் லேபில் வந்த நெகட்டிவ்களில் எத்தனை முதல் ஐந்து நாளுக்குள் எடுத்தவை, அவற்றில் எத்தனை பேருக்கு மறுபடி ரத்தம் எடுத்தார்கள்? இதுவே ஓர் ஆராய்ச்சிக் கேள்விதான். நோய் எதிர்ப்பியல் கேள்வியும்கூட.

சிக்கல், லேப் ரிஜிஸ்டரில் மாதிரி வந்த தேதி இருக்கும், காய்ச்சல் தொடங்கிய தேதி பெரும்பாலும் இருக்காது. வார்டில் போய்க் கேட்டால், “போன சந்தைக்கு மொத நாள் ராத்திரியிலிருந்து கண்ணு” என்பார் ஒரு பாட்டி. அவர் சொல்வது புளியம்பட்டிச் சந்தையை, அது வியாழக்கிழமை. சந்தை என்றைக்கு என்று தெரியாதவர் ஏதோ ஒரு தேதியை எழுதிவிட்டு வந்துவிடுவார். சந்தை நாள் தெரிந்திருப்பது கோபிக்காரரான உங்களுக்கு எந்தக் கருவியையும்விட உதவும். அங்கேயே நர்ஸ் அக்காவைத் துணைக்கு வைத்துக்கொண்டு அக்குள், இடுப்பில் கயிறு கட்டும் இடம், தொடையிடுக்கு எல்லாம் பாருங்கள். பீடி சுட்டதுபோலக் கறுப்பாக, வலியில்லாத ஒரு பொருக்கு இருக்கலாம். அந்தச் சிற்றுயிர் கடித்த இடத்தில் உண்டாகும் எஸ்கார் அதுதான். நோயாளிக்கே அது இருப்பது பெரும்பாலும் தெரியாது, நாமாகத் தேடினால்தான் அகப்படும்.

பெரிய கருவி இல்லாமல் என்ன செய்ய முடியும் என்று கேட்காதீர்கள். பெருந்துறைக் காற்று நல்லது என்று காசநோயாளிகளை அங்கிருந்த சானடோரியத்துக்கு, அதாவது தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனைக்கு, அனுப்பிய காலம் ஒன்று உண்டு. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களையும் சானடோரியத்தில் இருந்தவர்களையும் ஒப்பிட்டது. 1959-இல் முடிவு வந்தது: குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. உலகமே சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது. அந்த ஆய்வின் பலம் சளிப் பரிசோதனையும், விடாமல் வீடு தேடிப் போனதும்தான்.

வழிமுறைக்கு வருகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 1979 முதல் நடத்தும் குறுகியகால மாணவர் ஆராய்ச்சித் திட்டத்தை எஸ்டிஎஸ் என்பார்கள். இரண்டு மாத ஆய்வு, உதவித்தொகை உண்டு. ஒரு வழிகாட்டி ஓர் ஆண்டில் ஒரு மாணவரைத்தான் எடுக்க முடியும். அதனால் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள், இப்போதே ஒரு பேராசிரியரைப் பிடியுங்கள். இன்டர்ன் ஆகிவிட்டால் விண்ணப்பிக்க முடியாது.

நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டாயம். பெயர் நீக்கிய மிச்ச மாதிரிகளை மட்டும் பயன்படுத்தினால் தனித்தனி ஒப்புதல் வேண்டாமென்று குழு விலக்குத் தரலாம். நோயாளியிடம் பேசப் போகிறீர்கள் என்றால் ஒப்புதல் படிவம் வேண்டும். அதை அகராதித் தமிழில் எழுதாதீர்கள். “கையெழுத்துப் போட்டா காடு கீடு போயிருமுங்களா?” என்று என்னிடம் கேட்டவர் உண்டு. அவர் பயந்ததில் தப்பே இல்லை. நான் கொடுத்த படிவம் பத்திரம் மாதிரிதான் இருந்தது.

பணம் கொடுத்தால் பத்து நாளில் கட்டுரை போட்டுத் தருகிறோம் என்று மின்னஞ்சல் வரும். அழித்துவிடுங்கள்.

திங்கட்கிழமை துறைத் தலைவரிடம் அனுமதி கேட்டு, கடைசி ஐம்பது ஸ்க்ரப் டைஃபஸ் கோரிக்கைத் தாள்களை எடுத்துப் பாருங்கள். எத்தனையில் ‘காய்ச்சல் எத்தனை நாள்’ என்பது எழுதியிருக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, அந்த எண்ணோடு பேராசிரியரைப் போய்ப் பாருங்கள்.