பி.எட். முடித்த ஆசிரியருக்கு, டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு) உள்ள மாணவருக்கு உதவத் தனிப் பயிற்சி தேவையா?

கட்டாயம் தேவை. பி.எட்.டில் உள்ளடங்கிய கல்வி (எல்லாக் குழந்தைகளும் ஒரே வகுப்பில் சேர்ந்து படிக்கும் முறை) பற்றிப் படிப்பது வெறும் அறிமுகம்தான். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடும் உண்டு.

என்னைக் கேட்டால், முதலில் பழக வேண்டியது கவனிப்பு. ண, ன குழப்பம் எல்லாக் குழந்தைகளுக்கும் வரும். ‘கொ’ என்று எழுதும்போது, ஒலியில் பின்னால் வரும் ஒகரத்துக்கான கொம்பு முன்னால் நிற்கிறது. அதுவும் பலரைத் தடுமாற வைக்கும். ஆனால் வாயால் தெளிவாகப் பதில் சொல்லும் பிள்ளை, பல மாதப் பயிற்சிக்குப் பிறகும் அதே வரியை வாசிக்கத் திணறினால், அதைச் சோம்பேறித்தனம் என்று தயவுசெய்து திட்டாதீர்கள். கூடுதல் நேரம் கொடுங்கள், வாய்மொழியாகக் கேளுங்கள். அப்புறம், குறைபாடு இருக்கிறதா என்று உறுதிசெய்வது நிபுணரின் வேலை. பெற்றோரிடம் பேசி அங்கே அனுப்புங்கள்.