தலையில் அடிபட்டுக் கண்விழித்தவருக்கு ஏன் இவ்வளவு கோபம்?

கேள்வி: என் கணவருக்கு 34 வயது, லேத் பட்டறையில் டர்னராக இருந்தார். மூன்று மாதம் முன்பு பைக் விபத்து, ஹெல்மெட் போடவில்லை. தலைக்குள் ரத்தக்கட்டு என்று ஆபரேஷன் செய்து, இடதுபக்க மண்டை எலும்பை எடுத்து வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். 19 நாள் நினைவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஜி.சி.எஸ். 6 என்று இருக்கிறது. இப்போது கைத்தாங்கலாக நடக்கிறார், சாப்பிடுகிறார். ஆனால் காலையில் நடந்தது மாலையில் ஞாபகமில்லை. திடீரென்று கத்துகிறார், என்மேலும் மாமியார்மேலும் கை ஓங்குகிறார், அவர் வாயில் வராத வார்த்தையெல்லாம் வருகிறது. ஆறு வயது மகள் பக்கத்தில் போகவே பயப்படுகிறாள். தூக்க மாத்திரை கொடுக்கலாமா? பழையபடி ஆவாரா?
- வாசகி, கோவை மாவட்டம்

பதில்: சகோதரி, முதலில் ஒன்று. அவர் உங்களைத் திட்டவில்லை. அடிபட்ட மூளை விழித்துக்கொண்டிருக்கிறது, அந்த விழிப்பு இப்படித்தான் இருக்கும். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மடல்தான், கோபம் வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இரு என்று நம்மைப் பிடித்து நிறுத்துகிறது. பைக் விபத்துகளில் பெரும்பாலும் அடி விழுவதும் அங்கேதான். நினைவு தப்பி எழுந்தவர்கள் பலர் இந்தக் குழப்பமும் ஆத்திரமும் கலந்த கட்டத்தைத் தாண்டித்தான் வருகிறார்கள். அசையாமல் கிடந்தவர் இங்கே வந்து சேர்ந்திருப்பதே முன்னேற்றம்தான், உங்களுக்கு அப்படித் தோன்றாது என்று தெரிந்தும் சொல்கிறேன்.

அந்த ஜி.சி.எஸ். எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கண் திறப்பது, பேசுவது, கைகால் அசைப்பது மூன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவது அது, 1974-இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் இருவர் கொண்டுவந்த முறை. 15 என்றால் முழு நினைவு, 3-க்குக் கீழே எண் கிடையாது, 8-உம் அதற்குக் கீழும் கடுமையான காயம். ஆனால் அது விபத்து நடந்த நேரத்து நிலை. 6-இல் வந்தவர்கள் நடந்து வெளியே போவதைப் பார்த்திருக்கிறேன்.

தூக்க மாத்திரை வேண்டாம். பகலில் அவரை மயக்கத்தில் வைத்தால் வீடு அமைதியாகும், ஆனால் மூளை திரும்பப் பழகிக்கொள்ள வேண்டிய நேரம் வீணாகும், டயசெபம் போன்றவை குழப்பத்தைக் கூட்டவும் செய்யும். அதற்கு முன் வேறு சிலவற்றைப் பாருங்கள். மூன்று நாளாக மலச்சிக்கலா, சிறுநீரில் எரிச்சலா, தலைவலியா, இரவில் தூங்குகிறாரா? அவருக்கு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது, கத்தத்தான் தெரியும். அப்புறம் வலிப்பு வராமலிருக்க என்ன மாத்திரை தருகிறார்கள் என்று அட்டையைப் பாருங்கள். லெவெடிராசெட்டம் என்றிருந்தால் அதுவே சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் தூண்டிவிடும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சட்டென நிறுத்தினால் வலிப்பு வரலாம். நரம்பியல் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். இதெல்லாம் சரிசெய்தும் அடங்கவில்லை என்றால் ஆத்திரத்தைக் குறைக்க வேறு மருந்துகள் இருக்கின்றன, அவரே பார்த்துக் கொடுப்பார்.

இனி மருந்தைவிட முக்கியமானது. உங்கள் வீட்டுக்கு யாரெல்லாம் வருகிறார்கள்? எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். கட்டிலைச் சுற்றி ஆறு பேர் நிற்பார்கள், டிவி ஓடும், பெரியப்பா குனிந்து "நான் யாருன்னு சொல்லு பார்ப்போம்" என்பார், அடுத்தவர் "என்னைத் தெரியுதா?" என்பார். அவர் விழிப்பார், நெற்றி சுருங்கும், கை போர்வையைக் கசக்கும், ஒரு நிமிடம் கழித்துத் தட்டு பறக்கும். வார்டில் இதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! பாசத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் புதிய ஞாபகம் பதியாத மூளைக்கு அது பரீட்சை, ஒவ்வொரு தடவையும் தோற்கிறார். ஆகவே கேட்காதீர்கள், சொல்லுங்கள். "மாமா, நான் உங்க மனைவி. இது நம்ம வீடு. இன்னிக்கு செவ்வாய்க்கிழமை. இட்லி சாப்பிடப் போறோம்." அவ்வளவுதான். ஒரு நேரத்தில் ஒருவர், ஒரு நேரத்தில் ஒரு பேச்சு, டிவி அணைத்து. பார்க்க வருபவர்களுக்குப் பத்து நிமிடம் போதும், கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள், டாக்டர் சொன்னார் என்று.

கை ஓங்கும்போது வாதாடாதீர்கள், கையைப் பிடிக்காதீர்கள். இரண்டடி தள்ளி நின்று குரலைத் தாழ்த்துங்கள், பேச்சை மாற்றுங்கள். கத்தி, அரிவாள்மனை, பைக் சாவி எதுவும் கைக்கு எட்டக்கூடாது.

பயிற்சி என்றால் பிசியோதெரபிஸ்ட் வரும் அரைமணி நேரம் மட்டுமல்ல. தினமும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் பல் தேய்ப்பது, குளிப்பது, அவரே சட்டைப் பொத்தான் போடுவது, எல்லாம் பயிற்சிதான். பொத்தான் போடப் பத்து நிமிடம் ஆனாலும் நீங்கள் போட்டுவிடாதீர்கள். அவர் டர்னர் இல்லையா, ஒரு தட்டில் மூன்று அளவு நட்டு போல்ட்டைக் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். கை மறக்காதது நிறைய இருக்கும். இருபது நிமிடத்தில் களைத்துவிடுவார், நிறுத்திப் படுக்க விடுங்கள், அது சோம்பேறித்தனம் இல்லை. முறையான மறுவாழ்வுப் பயிற்சிக்கு வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ், சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கின்றன. தூரம் என்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள்.

எலும்பில்லாத பக்கம் படுக்க விடாதீர்கள், நடக்கும்போது ஹெல்மெட் போட்டுவிடுங்கள். அந்தப் பள்ளம் புடைத்துக்கொண்டு வந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, தூக்கம் கூடினாலோ, நன்றாக நடந்தவர் தள்ளாடிப் படுக்கையிலேயே சிறுநீர் போனாலோ அன்றைக்கே ஸ்கேன் எடுக்க வேண்டும், மூளைக்குள் நீர் சேரலாம். அப்புறம், மதுவை அவர் தொடவே கூடாது.

பழையபடி ஆவாரா? உறுதி சொல்ல முடியாது, சொல்பவரை நம்பாதீர்கள். முதல் ஆறு மாதத்தில் வேகமாகவும், இரண்டு வருடம் வரை மெதுவாகவும், அதன் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகவும் முன்னேறுவார்கள். நடை பெரும்பாலும் தேறிவிடும்; ஞாபகமும் பொறுமையும்தான் பின்தங்கும். வேலைக்குப் போகலாம், ஆனால் சுழலும் லேத் முன்னால் நிற்பது கடைசியில் யோசிக்க வேண்டியது. ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது வந்தால் நகையை அடகு வைக்காதீர்கள். இந்தக் காயத்துக்கு அது பலன் தரும் என்று நிரூபிக்கப்படவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலே, இப்படி அங்கீகாரம் இல்லாத பயன்பாட்டை ஆய்வுக்கு வெளியே காசு வாங்கிக்கொண்டு செய்யக்கூடாது என்கிறது.

மகளை வற்புறுத்தி அப்பா பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். "அப்பா தலைக்குள்ள அடிபட்டிருக்கு, அதான் கத்துறார், உன்மேல கோபம் இல்ல" என்று சொல்லி, அவர் நன்றாகத் தூங்கி எழுந்திருக்கும் காலை நேரத்தில், நீங்களும் கூட இருந்து, ஐந்து நிமிடம் வாசலில் நின்று பேசட்டும். வாரத்தில் இரண்டு இரவு மாமியாரோ நாத்தனாரோ அவரைப் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு மகளோடு தூங்குங்கள்.