ஒன்றரை வருடமாகப் படிக்கிறேன், ஒரு வரிகூட எழுதியதில்லை

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. ஏழரை வயதில் டைப் 1 சர்க்கரை நோய் என்று கண்டுபிடித்தார்கள். மருத்துவமனையில் பழக்கமான ஓர் அம்மா, இதே நோய் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார். 300 பேருக்கு மேல் இருக்கிறார்கள். அன்றிலிருந்து ஒரு செய்தி விடாமல் படிக்கிறேன். ஒரு வரிகூட எழுதியதில்லை. டைப் செய்வேன், அழித்துவிடுவேன். சர்க்கரை திடீரென்று இறங்கிவிட்டால் கொடுக்க, வகுப்பு டீச்சரிடம் குளுக்கோஸ் பொடி டப்பாவும், என்ன செய்ய வேண்டும் என்ற சீட்டும் கொடுத்து வைக்கலாம் என்று ஓர் அம்மா எழுதியிருந்தார். அப்படியே செய்தேன். போன மாதம் பி.டி. பீரியடில் மகளுக்குக் கை நடுங்கியபோது அந்த டப்பாதான் உதவியது. அதைக்கூட நான் அவரிடம் சொல்லவில்லை. இப்போது அட்மின், 'படித்துவிட்டுச் சும்மா இருப்பவர்களை நீக்கப் போகிறோம்' என்று போட்டிருக்கிறார். 'வாங்கிக்கொண்டே இருக்கிறாய், யாருக்கும் எதுவும் கொடுப்பதில்லையே' என்கிறார் கணவர். நான் ஏன் இப்படி இருக்கிறேன்? அவர்கள் நீக்குவதற்குள் நானே விலகிவிடட்டுமா?
– பெயர் வேண்டாம், நாமக்கல்

பதில்: அன்புத் தோழிக்கு,

விலகாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளுக்கு இது வாழ்நாள் முழுக்கக் கூட வரப்போகிற நோய். இரண்டு மணி ராத்திரிக்குச் சர்க்கரை இறங்கும்போது, இதைத் தாண்டி வந்த இன்னோர் அம்மாவின் வார்த்தை உங்கள் போனில் இருக்க வேண்டும்.

'நான் ஏன் இப்படி' என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களைப் போன்றவர்கள் கொஞ்ச நஞ்சம் பேர் இல்லை. பிளேர் நொன்னெக், ஜெனி ப்ரீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மின்னஞ்சல் வழியாக நடந்த கலந்துரையாடல் குழுக்களை எண்ணிப் பார்த்து 2000இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கணினி மென்பொருள் பற்றிய குழுக்களில் 100க்கு 82 பேர் வாயே திறக்கவில்லை. நோயாளிகளும் அவர்கள் குடும்பத்தாரும் இருந்த குழுக்களில் அது 46 பேர் அளவுக்கு இறங்கியது. வலி இருக்கிற இடத்தில் மனிதர்கள் கூடுதலாகப் பேசுகிறார்கள். அப்படியும் ஏறக்குறைய பாதிப் பேர் கேட்டுக்கொண்டு மட்டுமே இருந்தார்கள்.

பிறகு, ஏன் எழுதவில்லை என்று அப்படிப்பட்டவர்களிடமே கேட்டு 2004இல் இன்னொரு கட்டுரை வந்தது. பாதிக்கு மேற்பட்டவர்கள் சொன்னது எளிமையான காரணம்: படித்ததே போதுமாக இருந்தது, எழுதத் தேவை வரவில்லை. சுமார் 30 சதவீதம் பேர், குழுவைப் பற்றி இன்னும் தெரிந்துகொண்டு பேசலாம் என்று காத்திருந்தார்கள். எழுதாமல் இருப்பதே மற்றவர்களுக்குச் செய்யும் உதவி என்று நினைத்தவர்கள் சுமார் 23 சதவீதம். எனக்கு இந்தக் கடைசிக் காரணம் ரொம்பப் பிடிக்கும். 300 பேரும் கும்பிடு எமோஜி போட்டால், 'சர்க்கரை 58க்கு இறங்கிவிட்டது, என்ன செய்யட்டும்' என்று பதறிக் கேட்ட ஒருவரின் கேள்வி எங்கே போய்ப் புதையும்? அந்தக் குழுவில் அமைதியாகப் படிக்கிற ஒவ்வொருவரும் அந்தக் கேள்விக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

ஆனால் நீங்கள், எழுதத் தேவை வரவில்லை என்று சொன்னவர்களில் ஒருவர் இல்லை என்று தோன்றுகிறது. நீங்கள் டைப் செய்து அழிக்கிறீர்கள். சொல்ல ஏதோ இருக்கிறது, ஏதோ தடுக்கிறது. கடிதத்தில் பெயர் வேண்டாம் என்று எழுதியிருப்பதால் ஒன்றைக் கேட்கிறேன். வாட்ஸ்அப்பில் நீங்கள் ஒரு வரி எழுதினால் உங்கள் நம்பர், பெயர், சில நேரம் போட்டோவும் சேர்ந்து எல்லோர் கண்ணுக்கும் போகும். 300 பேரில் தெரிந்தவர் யாராவது இருந்துவிட்டால்? 'பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் என்று வந்தால்' என்று ஊரில் யாராவது ஆரம்பித்தால்? அந்தப் பயம்தான் விரலைப் பிடித்து இழுக்கிறதா?

அதுதான் என்றால், வெட்கப்பட எதுவும் இல்லை. இந்த நோயை மூடி மறைக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை; தெரிய வேண்டிய டீச்சருக்கு நீங்களே சொல்லிவிட்டீர்கள், அது பெரிய தைரியம். ஆனால் தெரிய வேண்டியவருக்குச் சொல்வது வேறு, முகம் தெரியாத 300 பேருக்குச் சொல்வது வேறு. இது உங்கள் மகளின் உடம்பு. யாரிடம் சொல்லலாம் என்று அவள் வளர்ந்து முடிவு செய்யட்டும். அதுவரை காவல் காப்பது அம்மாவின் வேலை.

இல்லை, தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற தயக்கம் என்றால் அதுவும் நல்லதுதான். இன்சுலின் அளவைப் பற்றி யாரும் யாருக்கும் குழுவில் சொல்லக் கூடாது. அது டாக்டரிடம் மட்டும். மற்றபடி, கேட்டுக் கேட்டுத்தான் எல்லோரும் பேச வருகிறார்கள். நாகஸ்வரக் குழுவில் சேரும் பையனுக்கு முதல் நாளே கையில் நாகஸ்வரம் கொடுப்பதில்லை. தாளத்தைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள்.

உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். நீங்கள் வாங்கிக்கொண்டு நிற்கவில்லை. படித்ததை ஒரு வகுப்பறைக்குக் கொண்டு போனீர்கள். சர்க்கரை இறங்கும்போது சாக்லேட் கொடுத்தால் அதில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும், குளுக்கோஸ் சீக்கிரம் வேலை செய்யும் என்பது இன்று அந்த டீச்சருக்கும் தெரிந்திருக்கும். அடுத்து இப்படி ஒரு பிள்ளை அந்தப் பள்ளிக்கு வந்தால் அவர் பதற மாட்டார்.

ஆனாலும் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த யோசனையை எழுதிய அம்மாவுக்கு அது ஒரு குழந்தைக்கு உதவியது தெரியாது. எழுதினார், நாலு பேர் கட்டைவிரல் காட்டியிருப்பார்கள், அதோடு மேலே போய்விட்டது. இந்தப் பகுதியை எழுதுகிறவள் என்பதால் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். 'நீங்கள் சொன்னதைச் செய்தேன்' என்று மாதங்கள் கழித்து ஒரு கடிதம் வந்தால், அன்று முழுக்க அதே நினைவாக இருக்கும்.

குழுவில் எழுத வேண்டாம். அவருக்கு மட்டும் சொல்லுங்கள். குழுவின் தேடல் பெட்டியில் 'குளுக்கோஸ்' என்று போட்டால் அந்தச் செய்தி கிடைத்துவிடும். அதை அழுத்திப் பிடித்தால் தனியாகப் பதில் அனுப்பும் வசதி வரும். டைப் செய்தால் அழித்துவிடுவீர்கள் என்றால் வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள்.

அட்மினுக்கும் இன்றே தனியாக எழுதுங்கள்: நான் யாருடைய அம்மா, எத்தனை நாளாக இருக்கிறேன், குழு எனக்கு எப்படி உதவுகிறது, எழுதாவிட்டாலும் படிக்கிறேன். அவர் கோபக்காரராக இருக்க வேண்டியதில்லை. இன்சுலின் இல்லாமலே குணமாக்குகிறோம் என்று சொல்லிப் பெற்றோரைத் தேடி வருகிறவர்கள் சத்தமில்லாமல் உள்ளே இருந்து நம்பர்களை எடுத்துவிடுவார்களோ என்று அவர் பயந்திருக்கலாம். டைப் 1 குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, அதனால் அந்தப் பயம் நியாயமானது. இப்படிக் குழு நடத்துகிறவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: நீக்குவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் தனியாக ஒரு வார்த்தை கேளுங்கள். போன வாரம்தான் நோய் தெரிந்து, பேச்சே வராமல் உட்கார்ந்திருக்கும் அப்பாவோ அம்மாவோ அதில் இருப்பார்.

அந்த அம்மாவுக்கு என்ன எழுதுவது என்று திரும்பவும் தடுமாறினால், இதையே அனுப்புங்கள்: 'அக்கா, நீங்கள் எழுதியதைப் பார்த்து டீச்சரிடம் குளுக்கோஸ் டப்பா கொடுத்து வைத்திருந்தேன். போன மாதம் தேவைப்பட்டது. என் மகள் நன்றாக இருக்கிறாள்.'