ஊர் சிரித்தது, காளை வந்தான்: ஆகுபெயர் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 'ஊர் சிரித்தது' என்பது எவ்வகை ஆகுபெயர்?

இடவாகுபெயர். ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய வேறொன்றைக் குறிப்பது ஆகுபெயர்; இங்கே இடமாகிய ஊரின் பெயர் அங்கே வாழும் மக்களைக் குறிக்கிறது. வகையின் பெயரோடு நின்றுவிடாமல், ஊருக்கும் ஊராருக்கும் உள்ள எந்தத் தொடர்பு அச்சொல்லைத் தாங்குகிறது என்றும் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: தொடர்புடைய எந்தப் பெயரையும் எதற்கும் ஆகுபெயராக்கலாமா?

முடியாது. நன்னூல் 'ஒன்றன் பெயரான் அதற்கியை பிறிதைத் தொன்முறை உரைப்பன ஆகுபெயரே' என்கிறது. 'இயை' என்ற சொல் இரண்டு பொருள்களுக்கும் தொடர்பு வேண்டும் என்கிறது. 'தொன்முறை' என்ற சொல் அத்தொடர்பை வழக்கு ஏற்றிருக்க வேண்டும் என்கிறது. அதனால்தான் 'குழல் கேட்டு மகிழ்ந்தான்' என்றால் இசை விளங்குகிறது; 'பேனா கேட்டு மகிழ்ந்தான்' என்றால் எழுத்து விளங்குவதில்லை, யாரோ ஒருவன் பேனாவை இரந்து பெற்றதாகவே தோன்றுகிறது. ஆனால் வழக்கு எப்போதும் நூற்றாண்டுகள் பழையதாக இருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. சென்னைப் பேருந்தில் 'கிண்டி இரண்டு' என்று காசை நீட்டினால் நடத்துநர் இரண்டு பயணச்சீட்டுகளைக் கிழித்துத் தருகிறார். அதே தொடரை வீட்டுத் திண்ணையில் சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. அந்தச் சூழலும் அதிலுள்ளோர் பகிர்ந்துகொண்ட அறிவும் சேர்ந்தே அங்கே பொருளை முழுமையாக்குகின்றன.

கேள்வி: 'வெள்ளை அடித்தான்', 'வற்றல் தின்றான்', 'கார் அறுத்தான்' ஆகியவற்றின் வகைகளைக் கூறவும்.

முறையே பண்பு, தொழில், காலம். இவை பள்ளி இலக்கண நூலிலேயே உள்ளன. இனி இத்தகைய கேள்விகளை அங்கேயே பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன். 'கார்' மட்டும் நின்று பார்க்கத் தக்கது: கருமை, கரிய மேகம், மேகம் பொழியும் பருவம், அப்பருவத்தின் பயிர் என்று ஒரே சொல் படிப்படியாக நடந்து வந்திருக்கிறது.

கேள்வி: 'காளை வந்தான்' என்பதை உவமையாகுபெயர் என்கிறார்கள். அது உருவகத்தின் இனம் அல்லவா?

ஆம். காளைக்கும் வீரனுக்கும் இருப்பது ஒப்புமை. ஊருக்கும் ஊராருக்கும் இருப்பது உடனிருப்பு. நன்னூல் அடுக்கும் வகைகளில் உவமை வெளிப்படையாக இல்லை. அந்நூற்பாவில் வகைகளின் முடிவில் வரும் 'ஆதி' (முதலியவை) என்ற சொல்லால் அதை உள்ளே கொண்டுவருகிறார்கள். வினைமுற்றும் வேறுபாட்டைக் காட்டுகிறது: 'ஊர் சிரித்தது' என அஃறிணையிலும் 'காளை வந்தான்' என உயர்திணையிலும் முடிக்கிறோம்.

கேள்வி (முன் கேட்டவரே): வினைமுற்றைச் சான்றாகக் கொள்ள முடியுமா? 'வெள்ளை வேட்டி வந்தார்' என்கிறோமே. அங்கே ஒப்புமை ஏது?

உங்கள் மறுப்பு சரியானது. என் சான்றைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வேட்டிக்கும் அதை உடுத்தவருக்கும் இருப்பது உடனிருப்புதான். ஆயினும் வினை மனிதரைப் பின்பற்றுகிறது. அப்படியானால் வினைமுற்று பிரித்துக் காட்டுவது வேறொன்றை: நம் கண்முன் ஒரு தனி மனிதர் தெரிகிறாரா, இல்லையா என்பதை. 'ஊர்' கூட்டம், ஆகவே அஃறிணை. 'உலகம்' மக்களைக் குறிக்கும்போதும் அஃறிணை முடிபே பெறும் என்று தொல்காப்பியம் அன்றே விதித்தது. உணவகத்தில் 'மூன்றாம் மேசை காப்பி கேட்கிறது' என்று பரிமாறுபவர் உள்ளே குரல் கொடுக்கும்போது அங்கே உட்கார்ந்திருப்பவர் ஒருவரே. ஆனால் அவர் யார் என்பது அந்த வேலைக்குத் தேவையில்லை, அதனால் மேசையே கேட்கிறது.

கேள்வி: செய்தித்தாள்களில் 'கோட்டை மறுத்துவிட்டது' என்று எழுதுவதில் குறை உண்டா?

இலக்கணக் குறை இல்லை. தமிழக அரசின் தலைமைச் செயலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருப்பதால் இடவாகுபெயர் இயல்பாகவே அமைகிறது. கவலை வேறு. மறுத்தவர் அமைச்சரா, செயலாளரா, கீழ்நிலை அலுவலரா என்ற கேள்வியை அந்த ஒரு சொல் எழவிடாமல் செய்துவிடுகிறது. 'லாரி நிற்காமல் சென்றது' என்னும்போதும் நிறுத்தாதவர் தொடரிலேயே இல்லை. மேசையின் பெயரால் ஒருவருக்குக் காப்பி வந்து சேர்வதில் தீங்கில்லை; லாரியின் பெயரால் ஓட்டுநர் மறையும் இடத்தில், எழுதுபவர் ஆளைத் தெரிந்திருந்தால் ஆளையே எழுத வேண்டும்.

கேள்வி: வடமொழியின் இலக்கணையும் (சொல் தன் நேர்ப்பொருளை விட்டுத் தொடர்புடைய பொருளைக் குறிப்பது) ஆகுபெயரும் ஒன்றா?

நெருங்கியவை. அதற்குமேல் வடமொழி அணிநூல் கற்றவரைக் கேளுங்கள். அது என் துறை அன்று.

கேள்வி: 'தலைக்கு நூறு ரூபாய்' என்ன வகை?

சினையாகுபெயர். உறுப்பாகிய தலையின் பெயர் முழு ஆளைக் குறிக்கிறது.